வரி ரீஃபண்ட் காலத்தில் பாத்திர வியாபாரம்: யாரிடம், எப்போது, எப்படிப் பேசுவது

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் ஒரு நேரடி விற்பனை நிறுவனத்தின் ஸ்டீல் பாத்திரங்களை வீடுகளில் சமைத்துக் காட்டி விற்கிறேன். பிப்ரவரி, மார்ச்சில் எல்லார் கையிலும் வரி ரீஃபண்ட் பணம் இருக்கும், அந்த நேரத்தை விட்டுவிடாதே என்று என் அப்லைன் (என்னை இந்த வியாபாரத்தில் சேர்த்தவர்) சொல்கிறார். எப்படி விளம்பரம் செய்யலாம்?"

அவர் சொல்வதில் பாதி சரி. அந்த வாரங்களில் பெரிய ஆர்டர்கள் நகர்வது உண்மை. ஆனால் ரீஃபண்ட் வந்துவிட்டது என்பதற்காக யாருக்கும் புதிதாகப் பாத்திர ஆசை வந்துவிடாது. ஏற்கெனவே ஆசைப்பட்டு, விலையைப் பார்த்துத் தள்ளிப்போட்டவர்கள் இருக்கிறார்கள். கடன் இல்லாமல், வட்டி இல்லாமல், முழுப் பணத்தையும் கொடுத்து வாங்க அவர்களுக்கு இது வழி செய்கிறது. உங்கள் வேலை முழுவதும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே அமையட்டும். கடனில்லாமல் வாங்கியவர் ஆர்டரைத் திருப்ப மாட்டார், ஆறு மாதம் கழித்து உங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்ப மாட்டார், தங்கைக்கும் தோழிக்கும் உங்கள் எண்ணைக் கொடுப்பார்.

முதலில், எல்லார் கையிலும் பணம் இருக்காது. ஃபெடரல் ரீஃபண்டின் சராசரி சமீப ஆண்டுகளில் சுமார் 3,000 டாலர். சராசரி என்பதால் அதை உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் பொருத்திப் பார்க்கக் கூடாது. ரீஃபண்ட் வருவது பெரும்பாலும் ஆண்டு முழுவதும் சம்பளத்தில் தேவைக்கு மேல் வரி பிடித்தம் செய்யப்பட்டவர்களுக்கும், குழந்தைகளுக்கான வரிச் சலுகை பெறுகிறவர்களுக்கும்தான். ஐ.டி. துறையில் கணவன் மனைவி இருவரும் நல்ல சம்பளம் வாங்கும் வீடுகளில் நிலைமை தலைகீழாகவே இருக்கும். சம்பளத்தோடு கம்பெனிப் பங்குகளும் பெறுகிறவர்களுக்கு, பங்கு கைக்கு வரும்போது கம்பெனி பொதுவாக 22 சதவீதம்தான் ஃபெடரல் வரி பிடிக்கும். அவர்கள் வருமானத்துக்கான வரி விகிதமோ 24, 32 சதவீதம் என்று மேலே இருக்கும். மிச்சத்தை ஏப்ரலில் கையிலிருந்து கட்ட வேண்டும். அப்படி ஒருவருக்கு "ரீஃபண்ட் வந்தாச்சா?" என்று குதூகலமாகச் செய்தி அனுப்பினால், அவர் ஐயாயிரம் டாலர் கட்டிய எரிச்சலில் இருக்கும்போது போய் நிற்கிறீர்கள் என்று பொருள்.

குழந்தைச் சலுகையிலும் நம்மவர்களிடையே வித்தியாசம் உண்டு. 2025ஆம் வரி ஆண்டுக்கு ஒரு குழந்தைக்கு 2,200 டாலர் வரை கிடைக்கும், ஆனால் அந்தக் குழந்தைக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்க வேண்டும். இந்தியாவில் பிறந்து எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைக்கு ஐ.டி.ஐ.என். (சோஷியல் செக்யூரிட்டி எண் பெற முடியாதவர்களுக்கான வரி எண்) மட்டும் இருந்தால் 500 டாலர் சலுகைதான். இங்கே பிறந்த இரண்டு பிள்ளைகள் உள்ள வீடும், அங்கே பிறந்த இரண்டு பிள்ளைகள் உள்ள வீடும் ஒரே சம்பளத்தில் இருந்தாலும் மார்ச் மாதத்தில் ஒரே மாதிரி இருக்காது. இதையெல்லாம் நீங்கள் யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. விசாரிக்கவும் கூடாது. "உங்களுக்கு எவ்வளவு வந்தது?" என்ற கேள்வி எவ்வளவு நெருக்கமான வீட்டிலும் அநாகரிகம். உங்கள் விளம்பரம் எல்லோரையும் ஒரே தட்டில் வைக்காமல் இருந்தால் போதும்.

அடுத்து நேரம். அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ். வழக்கமாக ஜனவரி கடைசி வாரத்தில் வரி ரிட்டர்ன் வாங்கத் தொடங்கும். 2025இல் அது ஜனவரி 27. ஆன்லைனில் தாக்கல் செய்து வங்கிக் கணக்கில் நேரடியாகப் பணம் கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு 21 நாளுக்குள் வந்துவிடும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான ஈ.ஐ.டி.சி. சலுகையையோ, குழந்தைச் சலுகையில் கையில் பணமாகத் திரும்ப வரும் பகுதியையோ கோருகிறவர்களுக்குத் தனி விதி உண்டு. 2015இல் வந்த பாத் சட்டத்தின்படி, அவர்களுடைய ரீஃபண்ட் முழுவதையும் பிப்ரவரி நடுப்பகுதிக்கு முன் ஐ.ஆர்.எஸ். விடுவிக்க முடியாது. பணம் கணக்கில் விழும்போது பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் முதல் வாரம் ஆகிவிடும். ஆகவே அசல் வாங்கும் காலம் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை. ஏப்ரல் நெருங்க நெருங்க, தாக்கல் செய்கிறவர்களில் பணம் கட்ட வேண்டியவர்களின் பங்கு கூடும். பணம் வர வேண்டியவர் முந்திக்கொள்வார், கட்ட வேண்டியவர் ஏப்ரல் 15 வரை இழுப்பார். ஏப்ரல் முதல் வாரத்தில் "ரீஃபண்ட் ஸ்பெஷல்" போடுவதில் அர்த்தமில்லை.

வாங்கும் காலம் பிப்ரவரி கடைசி என்றால், விளம்பரக் காலம் ஜனவரி. இதைத்தான் உங்களைப் போல விற்கும் பெரும்பாலான கன்சல்டன்ட்கள் தவறவிடுகிறார்கள். பணம் வந்த அன்று யோசிக்கத் தொடங்குகிற குடும்பத்தின் பட்டியலில் கார் டயர், கிரெடிட் கார்டு பாக்கி, இந்தியா டிக்கெட், பிள்ளையின் பல் கிளிப் எல்லாம் ஏற்கெனவே வரிசையில் இருக்கும். பணம் வருவதற்கு முன்பே உங்கள் பாத்திரம் அந்தப் பட்டியலில் ஓரிடம் பிடித்திருக்க வேண்டும். பொங்கல் இதற்குத் தானாகவே அமைந்த சந்தர்ப்பம். புதுப் பானை, பால் பொங்கல் என்று வீட்டுப் பெண்களின் பேச்சே பாத்திரத்தைச் சுற்றி இருக்கும் வாரம் அது. ஜனவரி முதல் வாரத்தில் உங்கள் பழைய நோட்டை எடுங்கள். கடந்த ஓராண்டில் டெமோவுக்கு வந்து, ஒரு குறிப்பிட்ட பாத்திரத்தைக் கையில் தூக்கிப் பார்த்து, விலை கேட்டு, "அப்புறம் பார்க்கலாம்" என்றவர்கள் யார் யார் என்று குறியுங்கள். அவர்களுக்குத் தனித்தனியாக எழுதுங்கள், குழுவில் போடாதீர்கள். இந்த மாதிரி:

"அக்கா, நல்லா இருக்கீங்களா? போன தடவை டெமோல அந்த அஞ்சு குவார்ட் பாத்திரத்தைத் தூக்கிப் பாத்து, சாம்பாருக்குச் சரியா இருக்கும்னு சொன்னீங்க. மார்ச் நடுவரைக்கும் அதுக்கு ஒரு சலுகை இருக்கு. இப்பவே முடிவு பண்ண வேணாம். ஒரு சனிக்கிழமை வந்து உங்க அடுப்புலயே சாம்பார் வச்சுக் காட்டட்டுமா? அப்புறம் உங்களுக்குத் தோணினா பாக்கலாம்."

இதில் ரீஃபண்ட் என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா? ஒரு பாத்திரம், ஒரு கடைசித் தேதி, ஒரு அழைப்பு. பணத்தைப் பற்றிய யோசனையை அவரே செய்துகொள்வார். பொதுப் பதிவில் "வரி ரீஃபண்டை வீட்டுக்குப் பயன்படும் ஒன்றில் போட நினைப்பவர்களுக்கு" என்று ஒரு வரி போடுவதில் தவறில்லை. "உங்க ரீஃபண்டை இங்கே செலவழியுங்கள்" என்ற தொனி வந்துவிட்டால் அது கையிலிருந்து பறிப்பது போலக் கேட்கும். அந்தப் பணம் அரசாங்கம் கொடுத்த போனஸ் அல்ல என்பதை நீங்களும் மறக்காதீர்கள். பெரும்பாலானோருக்கு அது ஆண்டு முழுக்க அவர்கள் சம்பளத்திலிருந்தே கூடுதலாகப் பிடித்து, வட்டியில்லாமல் திருப்பித் தரப்படும் பணம்.

டெமோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆர்டர் அங்கேதான் பிறக்கிறது. நிறுவனம் கொடுக்கும் மெனுவில் பெரும்பாலும் கோழித் துண்டும் கேக்கும் இருக்கும். நம் வீடுகளில் அதைச் செய்து காட்டிப் பயனில்லை. பீன்ஸ் பொரியல் செய்யுங்கள். கழுவிய பீன்ஸில் ஒட்டியிருக்கும் ஈரமே போதும். மூடியைப் போட்டு மிதமான சூட்டில் வையுங்கள். மூடியோரத்தில் நீராவி வரத் தொடங்கியதும் தீயைக் குறையுங்கள். மூடி விளிம்பில் தண்ணீர்ப் படலம் ஒன்று சேர்ந்து அடைத்துக்கொள்ளும், மூடியை விரலால் சுழற்றினால் வழுக்கிச் சுழலும். அதை வீட்டுக்காரம்மாவையே சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் நிறம் மங்காத பீன்ஸை அவர் கையில் கொடுங்கள். பிறகு பால். அடிபிடிக்காமல் பால் பாயசம் செய்ய முடியுமா என்பதே நம்மவர்களின் அசல் கேள்வி. ஸ்டீலுக்கு நடுவில் அலுமினிய அடுக்கு இருப்பதால்தான் சூடு ஓரிடத்தில் குவியாமல் பரவுகிறது என்பதை அப்போது சொன்னால் மனதில் நிற்கும்.

ஸ்டீலில் ஒட்டும் என்ற பயத்தையும் அங்கேயே போக்க வேண்டும். வெறும் வாணலியை மிதமான தீயில் சூடாக்கி ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சீறி ஆவியாகிவிட்டால் இன்னும் சூடு போதாது. உருண்டையாகத் திரண்டு பாதரசம் மாதிரி ஓடினால் சரியான சூடு. அதன்பிறகு தண்ணீரைத் துடைத்துவிட்டு எண்ணெய், அதன்பிறகு முட்டை. ஆம்லெட் தானாகப் பெயர்ந்து வரும்போது அந்த அறையில் எழும் பேச்சே உங்கள் விளம்பரம். தோசைக்கு மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பழகிய இரும்புக்கல்லின் தோசையை ஸ்டீல் வாணலியில் கொண்டுவர முடியும் என்று சொல்லி விற்றால், முதல் ஞாயிற்றுக்கிழமையே உங்களுக்குப் போன் வரும். "தோசைக்கு உங்க கல்லையே வச்சுக்கோங்க" என்று நீங்களாகச் சொல்வது மற்ற எல்லாவற்றையும் நம்ப வைக்கும்.

இன்டக்‌ஷன் அடுப்பு வீடுகளுக்குப் போகும்போது ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். பாத்திரங்களில் பரவலாகப் பயன்படும் 304 வகை ஸ்டீலில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. இன்டக்‌ஷனில் வேலை செய்ய அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டும் ஸ்டீல் வைத்திருப்பார்கள். ஒட்டிக் காட்டினால் விவாதமே இல்லை.

இப்போது, சொல்லக் கூடாதவை. வாடிக்கையாளரின் பாத்திரத்திலும் உங்கள் பாத்திரத்திலும் சோடா உப்புக் கரைத்த தண்ணீரைக் கொதிக்க வைத்து, இரண்டையும் சுவைக்கக் கொடுத்து, "பார்த்தீங்களா, உலோகம் இறங்குது" என்று காட்டும் சோதனை ஒன்று பல குழுக்களில் சொல்லித்தரப்படுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். சமையல் சோடாவைச் சூடாக்கினால் அதுவே சோடியம் கார்பனேட்டாக மாறத் தொடங்கும். அது கசப்பும் சோப்புச் சுவையும் உடையது, அலுமினியத்தோடு வினைபுரியவும் செய்யும். யார் வீட்டுச் சாம்பாரும் அந்த நிலையில் கொதிப்பதில்லை. பயத்தைக் காட்டி வாங்கிய ஆர்டர், அந்த வீட்டில் வேதியியல் படித்த ஒருவர் வாய் திறந்ததும் போய்விடும். பாத்திரம் புற்றுநோயைத் தடுக்கும், சர்க்கரையைக் குறைக்கும் என்பதெல்லாம் இன்னும் மோசம். அறிவியல் ஆதாரமில்லாத உடல்நலக் கூற்றுகளை, நுகர்வோரைக் காக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.சி. ஏமாற்று விளம்பரமாகவே பார்க்கும்.

உண்மையிலேயே சொல்ல நல்ல விஷயங்கள் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? 316 வகை ஸ்டீலில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பின் அரிப்பை 304ஐவிட நன்றாகத் தாங்கும். புளிக்குழம்பும் ஊறுகாயும் புழங்கும் அடுக்களைக்கு அது பயன். அதே மூச்சில், இரண்டிலும் நிக்கல் உண்டு என்பதையும் நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களிடம் சொல்லிவிடுங்கள். நான்ஸ்டிக் பற்றிக் கேட்டால், நான்ஸ்டிக் பூச்சுத் தயாரிப்பில் பயன்பட்ட பழைய பி.எஃப்.ஓ.ஏ. என்ற ரசாயனம் அமெரிக்கத் தயாரிப்பில் 2015க்குள் கைவிடப்பட்டுவிட்டது, வெறும் பாத்திரத்தை அளவுக்கு மீறிச் சூடாக்குவதுதான் இன்றைய பிரச்சினை, மினசோட்டா மாநிலம் 2025 ஜனவரி முதல் பி.எஃப்.ஏ.எஸ். (பி.எஃப்.ஓ.ஏ.வும் அடங்கிய ரசாயனக் குடும்பம்) சேர்த்த பாத்திரங்களின் விற்பனையையே தடை செய்திருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

விலைக்கு வருவோம். நேரடி விற்பனைப் பாத்திரங்களின் முழு செட் சில ஆயிரம் டாலர். சராசரி ரீஃபண்டும் ஏறக்குறைய அந்த அளவில் இருப்பதால், முழு ரீஃபண்டையும் ஒரே செட்டில் முடிக்க வைக்கும் ஆசை உங்களுக்கும் வரும், அப்லைனுக்கும் வரும். என் கருத்து தெளிவானது: ரீஃபண்ட் காலத்தில் செட்டை முன்னால் வைக்காதீர்கள். அந்தக் குடும்பம் தினமும் அடுப்பில் ஏற்றப்போகும் ஒன்றோ இரண்டோ பாத்திரத்தை, முழுப் பணத்துக்கு விற்றுவிடுங்கள். கிரெடிட் கார்டில் இருபது சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில், அந்தக் கடனை அடைப்பதே அவர்களுக்கு நல்லது. அது தெரிந்தும் செட்டைத் திணித்தால் அது வியாபாரமாக இராது. மிச்சப் பாத்திரங்களை அடுத்த வருடம் வாங்குவார்கள்.

நிறுவனத்தின் தவணைத் திட்டத்தை விளம்பரத்தில் போடும்போது தனிக் கவனம் வேண்டும். "மாதம் இவ்வளவு டாலர்தான்" என்று ஒரு எண்ணைப் போட்டாலே, ஃபெடரல் கடன் விதிகளின்படி ஆண்டு வட்டி வீதம் முதலான விவரங்களையும் அதே விளம்பரத்தில் சொல்லும் கட்டாயம் வந்துவிடும். நிறுவனம் ஒப்புதல் கொடுத்த வாசகத்தை மட்டும் பயன்படுத்துங்கள், அல்லது எண்ணே போடாதீர்கள். ரிட்டர்ன் தயாரிக்கும் கடைகளில் ரீஃபண்டுக்கு முன்பணமாகக் கடன் தருவார்கள். அதை வாங்கிவந்து பாத்திரம் எடுக்கச் சொல்லும் யோசனையை யார் கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள். ரீஃபண்ட் தாமதமானாலோ குறைந்தாலோ உங்கள் பாத்திரம் அந்த வீட்டில் சண்டைக்குக் காரணமாகும்.

அடுத்தது, நம்மவர்களில் பலர் கேள்விப்படாத ஒரு சட்டம். வாங்குபவரின் வீட்டில் 25 டாலருக்கோ அதற்கு மேலோ விற்றால், எஃப்.டி.சி.யின் கூலிங் ஆஃப் விதிப்படி மூன்றாவது வேலைநாள் நள்ளிரவு வரை அவர் ஆர்டரை ரத்து செய்யலாம். கோயில் மண்டபம், விழாக் கூடம் போன்ற தற்காலிக இடங்களில் விற்றால் அந்த வரம்பு 130 டாலர். சனிக்கிழமையும் வேலைநாள் கணக்கில் வரும், ஞாயிறும் ஃபெடரல் விடுமுறையும் வராது. இந்த உரிமையை நீங்கள் வாயாலும் சொல்ல வேண்டும், தேதியிட்ட ரசீதோடு ரத்துப் படிவம் இரண்டு பிரதி கொடுக்கவும் வேண்டும். முக்கியமானது இனிமேல்தான்: விற்பனைப் பேச்சு எந்த மொழியில் நடந்ததோ, அந்த மொழியிலேயே ரசீதும் படிவமும் இருக்க வேண்டும். டெமோ முழுவதும் தமிழில் பேசினால் தமிழில்தான் படிவம். உங்கள் நிறுவனத்திடம் பெரும்பாலும் ஆங்கிலமும் ஸ்பானிஷும் மட்டுமே இருக்கும். தமிழ்ப் படிவத்துக்கு ஒப்புதல் வாங்குங்கள், டெமோக்கள் தொடங்குவதற்கு முன்பே. முழுக்க ஆன்லைனிலோ போனிலோ நடக்கும் விற்பனைக்கு இந்த விதி பொருந்தாது, அங்கே நிறுவனத்தின் திருப்பி எடுக்கும் கொள்கை என்னவோ அதைச் சொல்லுங்கள்.

சமூக ஊடகத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் கமிஷன் பெறும் கன்சல்டன்ட் என்பது ஒவ்வொரு பதிவிலும் தெரிய வேண்டும். இலவசப் பாத்திரம் பெற்ற தோழி உங்களைப் பாராட்டி எழுதினால் அவரும் அதைச் சொல்ல வேண்டும். தமிழ்ச் சங்கக் குழுக்களில் நிர்வாகி அனுமதி இல்லாமல் போடாதீர்கள்.

ஆள் சேர்ப்பு பற்றியும் கேட்பீர்கள். "ரீஃபண்டை ஸ்டார்ட்டர் கிட்டில் (புதிதாகச் சேர்பவர் வாங்கும் தொடக்கத் தொகுப்பு) போட்டால் இரட்டிப்பாகும்" என்ற பேச்சு மார்ச்சில் எல்லா இடத்திலும் கிளம்பும். ஆதாரமில்லாத வருமான வாக்குறுதிகளுக்கு அபராதம் வரும் என்று 2021 அக்டோபரில் எஃப்.டி.சி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது, நேரடி விற்பனை நிறுவனங்களும் அதில் அடக்கம். அதைவிட நமக்கு நெருக்கமானது விசா. எச்-4இல் இருந்து இ.ஏ.டி. (வேலை அனுமதி அட்டை) இல்லாதவர் கமிஷனுக்கு விற்பது அனுமதியில்லாத வேலை. எச்-1பி வைத்திருப்பவர் தன்னை ஸ்பான்சர் செய்த கம்பெனிக்கு வெளியே இப்படிச் சம்பாதிக்க முடியாது. எஃப்-1 மாணவர்களுக்கும் இது பொருந்தாத வழி. வீட்டில் சும்மா இருக்கும் எச்-4 தங்கைகளிடம்தான் இந்த அழைப்பு முதலில் போகிறது என்பதால் வற்புறுத்திச் சொல்கிறேன்: குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் ஒருவரையும் சேர்க்காதீர்கள். சில நூறு டாலர் கமிஷனுக்காக ஒரு குடும்பத்தின் கிரீன் கார்டு சிக்கலாகக் கூடாது.

உங்கள் சொந்த வரியும் இதே பருவத்தில்தான் வரும். வரிச் சட்டத்தில் நேரடி விற்பனையாளர் ஊழியர் அல்ல, சுயதொழில் செய்பவர். நிறுவனம் கொடுத்த பணத்தைக் காட்டும் 1099 படிவம் வந்தாலும் வராவிட்டாலும், கமிஷனை ரிட்டர்னில் சுயதொழிலுக்கான ஷெட்யூல் சி-யில் காட்ட வேண்டும். நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டால் வருமான வரிக்கு மேல் 15.3 சதவீத சுயதொழில் வரியும் உண்டு. டெமோவுக்குக் காரில் போன மைலுக்கு 2025இல் 70 சென்ட் வீதம் கழிக்கலாம், ஆனால் தேதி, போன இடம், காரணம் எழுதிய பதிவு வேண்டும். டெமோவுக்கு வாங்கிய காய்கறி, மாதிரிப் பாத்திரம் ஆகியவற்றின் ரசீதுகளையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் வரும் கமிஷனில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருங்கள், ஏனென்றால் அந்த ஆண்டின் முதல் முன்வரித் தவணைக்கும் ஏப்ரல் 15தான் கடைசி நாள்.

வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் மே மாதத்தில் ஒருமுறை போன் செய்யுங்கள், எதையும் விற்காமல். பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் புள்ளி வந்திருந்தால், ஆறிய தண்ணீரில் உப்புப் போட்டதால் இருக்கும், கொதித்தபின் போடுங்கள் என்று சொல்லுங்கள். வானவில் நிறம் படிந்திருந்தால் கொஞ்சம் வினிகர் விட்டுத் துடைத்தால் போய்விடும். எந்தப் பாத்திரம் தினமும் அடுப்பில் ஏறுகிறது, எது அலமாரியிலேயே இருக்கிறது என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஜனவரியில் யாருக்கு எதைப் பற்றி எழுத வேண்டும் என்பது அதில் இருக்கும்.